சகலையின் வாளும் என் குடமும்

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள் தம்பி. பயப்படாதீர்கள், கசக்காமல் திருப்பித் தருகிறேன். பிள்ளைக்கு வாங்கினீர்களா? பெண்ணா, பையனா? பெண்ணா, நல்லது. எத்தனையாவது படிக்கிறாள்? நான்காவதா. அந்த வயசுப் பிள்ளைகள்தான் இதைக் கையைவிட்டுக் கீழே வைப்பதில்லை. எங்கள் ஊரில் தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

எனக்கு வாசிக்க வராது. மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இந்தப் புத்தகத்தில் எதற்குப் பிறகு எது வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதோ, இது கோட்டை. எங்கள் ஊர் ஆவரங்கோட்டைதான். இப்போது போய்ப் பார்த்தால் ஒரு மண்மேடும் கருவேல முள்ளும்தான் இருக்கும். படத்தில் எப்படி நிற்கிறது பாருங்கள். இது வெள்ளைக்காரன் பீரங்கி. இது சடையத்துரை, கோட்டைக்கு உடையவர். குதிரைமேல் இருக்கிறார், வாளை உருவிக்கொண்டு. அந்த மீசை, அந்த நெற்றி, அந்த மூக்கு, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தலையைத் தூக்கி முன்னால் பாருங்கள். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குப் பக்கத்தில் பச்சைத் துண்டு போட்ட ஆள். திரும்பட்டும். திரும்பினானா? அதே முகம்தானே?

அவன்தான். பெயர் குருவையா. கொத்தனார் வேலை. என் சகலை. என் மனைவி செண்பகத்தின் தங்கை வடிவைக் கட்டியவன். அந்தப் பெண் அவன் பேத்தி இல்லை. என் பேத்தி, நிவி, என் மகன் பெற்ற பிள்ளை. ஆனால் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தீர்களா?

சரி, பக்கத்தைப் புரட்டுங்கள். இன்னும். இன்னும். ஆங், இங்கே நிறுத்துங்கள். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரைக்கு விரலை நீட்டி வழி காட்டுகிறானே ஒருத்தன், கண் இடுங்கி, உதடு தடித்து. இப்போது என்னைப் பாருங்கள்.

சிரிக்கத் தோன்றினால் சிரித்துவிடுங்கள் தம்பி. அடக்கினால் விக்கல் வரும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். வெள்ளைக்காரன் கோட்டையைச் சுற்றி வளைக்கிறான். பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் கோட்டைக்குள் தண்ணீர் வற்றவில்லை. வெளியே ஒரு ஊற்று, அதிலிருந்து தரைக்கு அடியில் ஒரு வாய்க்கால், அது நேராகக் கோட்டைக்குள் போகிறது. அந்த ஊற்றுக்குக் காவல் வேலப்பன் என்று ஒருத்தன். அவன் போய் வெள்ளைக்காரனிடம் ஊற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். வாய்க்காலை அடைக்கிறார்கள். கோட்டைக்குள் ஆடு மாடு எல்லாம் நாக்கு வறண்டு சாகிறது. கடைசியில் சடையத்துரை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சண்டை போட்டுச் சாகிறார். அவ்வளவுதான்.

கோட்டை விழுந்தது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தண்ணீரை அடைத்ததும் தெரியும். ஆனால் காட்டிக்கொடுத்தவன் பேர் யாருக்கும் தெரியாது. வேலப்பன் என்று பேர் வைத்தது இதை எழுதிய மரகதம் அம்மா. மதுரையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரிடமே கேட்டேன், 'நீங்க பாத்தீங்களாம்மா?' என்று. 'பிள்ளைங்களுக்குக் கதை உயிரோட இருக்கணும்னா ஒரு ஆள் வேணும்ல ஐயா' என்றார். அந்த ஆள்தான் நான்.

இருங்கள், நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

எங்கள் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். மூத்த மருமகன் என்றால் எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. முதல் பந்தியில் முதல் இலை. கிடா வெட்டினால் தலைக்கறி மூத்த மருமகனுக்கு. மாமனார் தன் கையால் என் இலையில் வைப்பார். நான் அதைச் சாப்பிடுவதே இல்லை, எனக்குத் தலைக்கறி ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் வைப்பார். வைக்க வேண்டும். வடிவுக்குக் கல்யாணம் ஆகி இவன் வந்தான். அந்த வருஷம் ஆடி மாசக் கோயில் கொடைக்குக் கிடா வெட்டினார்கள். பந்தியில் உட்கார்ந்தேன். மாமனார் வந்தார். தலைக்கறியில் பாதியை என் இலையில் வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போய் இவன் இலையில் வைத்தார். 'சின்னவரு விரும்பிச் சாப்புடுவாராம்' என்றார்.

விரும்பினால்? விரும்பினால் கொடுத்துவிடுவதா? இவனாவது வேண்டாம் என்று சொல்லலாம் இல்லையா? சொன்னான், இல்லை என்று சொல்லவில்லை. 'அண்ணாச்சிக்கே வைங்க மாமா' என்றான். ஆனால் எப்படிச் சொன்னான் தெரியுமா, எலும்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்.

அதிலிருந்துதான். நான் மாவு மில் போட்டேன், ஊரில் முதல் மாவு மில் என்னுடையது. யாராவது பேசினார்களா? இவன் கோயில் மதிலைப் பூசிக் கொடுத்தான், கூலி வாங்கிக்கொண்டுதான் பூசினான். அதற்குப் பொன்னாடை போட்டார்கள்.

இப்போது இந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். மரகதம் அம்மா எங்கள் ஊருக்கு வந்து கோட்டைமேட்டைச் சுற்றிப் பார்த்தார். கூடவே சேவியர் என்று படம் வரைகிற ஒரு பையன். சேவியர் வேலை செய்கிற விதம் வேறு மாதிரி. ராஜா என்றால் காலண்டரில் வருகிற ராஜாவைப் பார்த்து வரைய மாட்டார். எந்த ஊர்க் கதையோ அந்த ஊருக்கே வந்து, அங்கே இருக்கிற மனுஷர்களின் முகத்தைப் பார்த்து வரைவார். 'அந்தக் காலத்து ஆளுங்களோட பேரன் பேத்திங்கதான இங்க இருக்காங்க, முகம் எங்க போயிருக்கும்' என்பார். நல்ல பேச்சு. கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. டீக்கடையில் வைத்து, அடுத்த வாரம் வந்து ஆட்களைப் பார்த்து வரையப்போகிறேன் என்று சொன்னார். நான்தான் முதலில் எழுந்து நின்று, எந்தக் கிழமை என்று கேட்டேன்.

ராஜாவுக்கு மீசை முக்கியம் இல்லையா? எனக்கு மீசை நல்ல அடர்த்தி. நரைத்துவிட்டது, அது ஒன்றுதான் குறை. அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டை வாங்கி மீசைக்கு அடித்துக்கொண்டேன். பேரம் பேசி வாங்கின டைதான், அதனால் என்ன, எல்லாம் ஒரே கறுப்புதானே. காலையில் எழுந்தால் மேலுதடு தடித்துக் கிடக்கிறது. கண் இரண்டும் வீங்கிப்போய்ச் சின்னக் கோடாகத் தெரிகிறது. செண்பகம் பார்த்துவிட்டு, 'ஏங்க, பன்னிக்குட்டி கடிச்ச மாதிரி இருக்கு, இன்னைக்குப் போவாதீங்க' என்றாள். அவளுக்கு எப்போதும் அவள் தங்கச்சி வீட்டு ஆள்தான் பெரிசு. நான் வேண்டுமென்றே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

சேவியர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். 'ஐயா, அசையாதீங்க. இந்த முகந்தான் தேடிக்கிட்டிருந்தேன்' என்றார். என் காதால் கேட்டேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து மத்தியானம் முழுக்க வரைந்தார். இப்படித் திரும்புங்கள், அப்படித் திரும்புங்கள், கையை நீட்டுங்கள், விரலைக் காட்டுங்கள். நான் நினைத்தேன், படைக்குக் கட்டளை போடுகிற படம் என்று. ஒரு குடத்தைக் கொண்டுவந்து தோளில் வைக்கச் சொன்னார். ராஜா எதற்குக் குடம் தூக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் காலத்து ராஜா தோட்ட வேலை எல்லாம்கூடச் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இவனை வரைந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? வேலை முடிந்து சாந்துச் சட்டியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். சேவியர் கூப்பிட்டார். நின்றபடியே வரைந்துகொண்டார். ஒரு டீ குடிக்கிற நேரம். 'வரட்டுமா தம்பி, பூச்சு காஞ்சிரும்' என்று சொல்லிவிட்டு இவன் போயே போய்விட்டான். அப்படி இருந்தால் ஒரு மனுஷன் என்ன நினைப்பான்? நீங்களே சொல்லுங்கள். எனக்கு ஒரு மத்தியானம். அவனுக்கு ஒரு டீ.

நான் ஊர் முழுக்கச் சொன்னேன், சடையத்துரை நான்தான் என்று. மில்லுக்கு வருகிற பெண்களிடம் சொன்னேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னேன். நிவியிடம் சொன்னேன். அவள் அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மில்லுக்குத்தான் வருவாள். மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்பேன். 'தாத்தா, நீ ராஜான்னா நான் இளவரசியா?' என்றாள். 'பின்ன என்னத்தா' என்றேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. எனக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் செலவில் வாங்கிக் கொடுத்துவிடுவது. செண்பகத்திடம் சொல்லவில்லை. பார்சல் ஆபீஸில் நானே போய்ப் பெட்டியை எடுத்து, ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினேன். எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. மேலட்டையில் கோட்டையும் புகையும்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒன்றைப் பிரிக்கப் போனார். நான் தடுத்துவிட்டேன். 'டீச்சர், நான் என் கையால எல்லாப் பிள்ளைக்கும் குடுத்த பெறகு ஒண்ணாப் பிரிக்கட்டும்' என்றேன். லட்டும் வாங்கிப் போயிருந்தேன். புத்தகமும் லட்டும். ஒவ்வொரு பிள்ளையாக வந்து வாங்கிக்கொண்டு 'நன்றி தாத்தா' என்று சொல்லிவிட்டுப் போனது. கடைசிப் பிள்ளை உட்கார்ந்ததும் 'ம், பிரிங்க' என்றேன்.

உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பையன், 'ஏய், இது குருவையா தாத்தால்ல' என்றான். எல்லோரும் 'ஆமாடே' என்றார்கள். குதிரை, வாள், மீசை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, தளபதியாகப் போட்டிருப்பார்கள், ராஜா பின்னால் வருவார் என்று நின்றுகொண்டிருந்தேன். பக்கம் புரளுகிறது. புரளுகிறது. திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாம் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கின்றன. லட்டை வாயில் வைத்துக்கொண்டே பார்க்கின்றன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செண்பகம் சொன்னாள், 'மீசைக்கு மை அடிச்ச மூஞ்சிக்கு வேற என்ன வேசம் குடுப்பாங்க.' அவளுக்குச் சிரிப்பு. அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். வடிவு சொன்னாளாம் அவளிடம். படம் வரைந்த அன்றைக்கே இந்தக் குருவையா சேவியருக்குப் போன் பண்ணி, யாரை யாராகப் போடுகிறார் என்று கேட்டுவிட்டு, 'தம்பி, அண்ணாச்சி மூத்தவரு, அவரையே துரையாப் போடுங்க, நான் குடத்தத் தூக்கிக்கிடுறேன்' என்று சொன்னானாம். சேவியர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பார்த்தீர்களா தம்பி அவன் திமிரை? எனக்குப் பிச்சை போடுகிறான். ராஜா பட்டத்தை எனக்கு விட்டுக்கொடுக்கிறானாம். அவனுடையதா அது, விட்டுக்கொடுக்க? அன்றைக்கும் இப்படித்தான், எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்புறம் ஊரில் எனக்கு நிம்மதி இல்லை. மிளகாய் அரைக்க வருகிற பொடிசுகள் மில் வாசலில் நின்று, 'வேலப்பன் தாத்தா, தண்ணி எந்தப் பக்கம்?' என்று கேட்டுவிட்டு ஓடும். இவனை 'துரை' என்று கூப்பிடுகிறார்கள். பெரிய மனுஷர்களே கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் ஏறினோமே, கண்டக்டர் என்ன சொன்னான் தெரியுமா? 'துரை, முன்னால வந்து உக்காருங்க' என்றான். என்னைப் பார்த்து, 'நீங்க பின்னால போங்க பெரியவரே' என்றான்.

அதெல்லாம் பரவாயில்லை. ஊர் எப்போதும் ஏதாவது சொல்லும். நிவிதான்.

புத்தகம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அவள் மில்லுக்கு வந்தாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். மில் ஓடிக்கொண்டிருந்தது, நான் அணைத்தேன்.

'தாத்தா, நீ ஏன் காட்டிக்குடுத்த?'

'நான் இல்லத்தா. அது படம்.'

'படத்துல நீதான இருக்க.'

'மூஞ்சி மட்டுந்தான் என்னுது. ஆளு வேற.'

'அப்ப சின்னத் தாத்தாவும் வேற ஆளா?'

இதற்கு 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவள் கேட்கும்போதே அவள் குரல் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது. 'அவனெல்லாம் ராஜாவா? நேத்து வரைக்கும் சாரத்துல நின்னு சாந்து பூசுனவன்' என்றேன். 'உண்மையில ஒரு சண்டை வந்தா மொத ஆளா ஓடுறவன் அவந்தான்' என்றும் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மில்லுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். அவள் செருப்பு அவன் வாசலில் கிடந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். இவன் செங்கல்லை அடுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். கொத்தனார் அல்லவா. அவள் ஊற்றுக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். இவன் என்னைப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, வாங்க, வாய்க்கா எந்தப் பக்கமாப் போவும்னு பிள்ள கேக்குது, உங்களுக்குத்தான் தெரியும்' என்றான். வேறு யாராவது இப்படிச் சொல்வார்களா? பிள்ளை முன்னால்? நான் திரும்பி வந்துவிட்டேன். பின்னாலேயே 'நான் வேற அர்த்தத்துல சொல்லல அண்ணாச்சி, உங்க தோட்டத்துப் பக்கந்தான ஊத்து இருந்துச்சி' என்று கூவினான். அது உண்மைதான், என் தோட்டத்துப் பக்கம்தான். இருந்தாலும் ஒரு இது வேண்டாமா?

பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. இந்தக் கதையையே நாடகமாகப் போடுகிறார்கள் என்றார்கள். சடையத்துரை வேஷத்துக்குப் பையன்கள் அடித்துக்கொண்டார்களாம். வெள்ளைக்காரத் துரைக்குக்கூட ஆள் கிடைத்துவிட்டது. வேலப்பனுக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. அப்போது யார் கையைத் தூக்கினாள் தெரியுமா? நிவி. கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நம் வீட்டுப் பிள்ளையே எழுந்து, ஆமாம், இது எங்கள் குடும்பத்து வேஷம்தான் என்று சொன்னது மாதிரி. விழாவுக்குப் போவதில்லை என்று இருந்தேன். செண்பகம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், வெளியே நின்று என்ன செய்வது, போனேன்.

இவனுக்கு முன்வரிசை. மாலை. ஒரு பக்கம் மரகதம் அம்மா. இன்னொரு பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். திரும்பித் திரும்பிக் கையைக் காட்டினான். நான் கடைசியில் போய் நின்றுகொண்டேன். அவன் பிடித்துக் கொடுத்த இடத்தில் நான் உட்காருவதா?

நாடகம் தொடங்கியது. வெள்ளைக்காரனாக வந்த பையன் மூஞ்சி முழுக்க மைதா மாவு. என் மில்லுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினது. நிவி பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். உதட்டுக்கு மேல் கரியால் மீசை. தடித்த உதடுகூடப் போட்டிருந்தாள், சிவப்புச் சாயம் பூசி. ஜனங்கள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பையன் கேட்டான், 'ஏ வேலப்பா, ஊற்று எங்கே இருக்கிறது, சொல்.'

அவள் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார். பையன் திரும்பவும் கேட்டான்.

'சொல்ல மாட்டேன்' என்றாள்.

பையன் டீச்சர் பக்கம் பார்த்தான். 'சொல்லணும்டி. புத்தகத்துல சொல்லுவாங்கல்ல.'

'புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க. எங்க தாத்தா சொல்ல மாட்டாரு.'

'அப்ப நான் எப்படிக் கோட்டையப் பிடிக்கிறது?'

'பிடிக்காத. வீட்டுக்குப் போ.'

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் செட் அலறியது. பீரங்கிக்கு நின்ற பையன் என்ன செய்வது என்று தெரியாமல் காகிதப் பையை ஊதி 'டமார்' என்று உடைத்தான். சடையத்துரை வேஷக்காரப் பையன் பாவம், சாவதற்கு எவ்வளவோ நாள் பழகியிருப்பான். வெளியே ஓடிவந்து, யாரும் வெட்டாமலே சுருண்டு விழுந்தான். நிவி அவன் பக்கத்தில் போய், 'எந்திரிடா, நீ சாகல, தண்ணி இருக்கு' என்று குடத்தைச் சரித்து அவன் மூஞ்சியில் ஊற்றினாள். நிஜத் தண்ணீர். பையன் இருமிக்கொண்டே எழுந்தான். கைதட்டல் நிற்கவே இல்லை.

எனக்குக் கண் தெரியவில்லை தம்பி. துண்டை எடுத்துத் துடைத்தேன். என் பேத்தி. எனக்காக. ஊர் முன்னால், டீச்சர் முன்னால், புத்தகம் எழுதிய அம்மா முன்னால் நின்று, எங்க தாத்தா சொல்ல மாட்டாரு என்று. மேடைக்குப் போக வேண்டும், அவளைத் தூக்க வேண்டும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். நாற்காலி, பெண்கள், பிள்ளைகள், செருப்பு, எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், இவன் ஏற்கெனவே மேடையில் இருக்கிறான். முன்வரிசை அல்லவா. அவளைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு அழுகிறான். இவன் அழுகிறான். மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டிருக்கிறான். போட்டோக்காரன் படம் எடுக்கிறான்.

எனக்காகச் சொன்னாள். இவன் தூக்கினான். நியாயமா?

என்னைப் பார்த்ததும், 'அண்ணாச்சி, வாங்க, வாங்க, பிள்ளையப் பிடிங்க' என்று என்னிடம் நீட்டினான். அவன் கொடுத்துத்தான் என் பேத்தியை நான் வாங்க வேண்டுமா? 'எறக்கி விடு, பிள்ளைக்கு வலிக்கும்' என்று சொல்லிவிட்டு நான் இறங்கி வந்துவிட்டேன். அவள் 'தாத்தா' என்று கூப்பிட்டது கேட்டது. போட்டோவில் நான் இருக்க வேண்டாம் என்றுதான் திரும்பவில்லை.

இப்போது எதற்கு மதுரைக்குப் போகிறோம் என்று கேளுங்கள். மரகதம் அம்மா அடுத்த வாரமே மில்லுக்கு வந்தார். இவனும் கூடவே வந்தான், கூப்பிடாமலே. புத்தகம் நன்றாகப் போகிறதாம், இன்னொரு தடவை அச்சடிக்கப்போகிறார்களாம். 'ஐயா, பழைய கதை அப்படியே இருக்கட்டும். கடைசியில நிவி சொன்ன முடிவையும் சேக்கலாம்னு இருக்கேன். வேலப்பன் சொல்ல மாட்டேன்னு நிக்கிறாரு. கோட்டை விழல. அதுக்குப் புதுப் படம் வேணும். உங்க மூஞ்சியத் திரும்பப் போடணும்னா உங்க சம்மதம் வேணும்' என்றார். 'நீங்க வேண்டாம்னா விட்டுருறேன்' என்றும் சொன்னார். மரியாதையான மனுஷி.

எனக்குச் சந்தோஷம்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? அன்றைக்கு இரண்டு பேருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். நிவியும் பழையபடி வந்து மாவு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். அதோடு விட்டிருக்கலாம். சேவியர் பென்சிலில் போட்ட படத்தை அந்த அம்மா போனில் காட்டினார்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது, சொல்லட்டுமா? இவன் கோட்டை வாசலில் படிமேல் நிற்கிறான். மாலை. வாள். இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். கீழ்ப்படியில் நான் குனிந்துகொண்டு குடத்தைச் சரித்து அவன் கையில் ஊற்றுகிறேன். நன்றியோடு பார்க்கிறேனாம், அந்த அம்மா சொன்னார். 'எவ்வளவு விசுவாசமான ஆள்னு தெரியணும்ல' என்றார்.

விசுவாசம். யாருக்கு? இவனுக்கு. நான் இவனுக்கு வேலைக்காரன். இரண்டாம் மாப்பிள்ளைக்கு மூத்த மாப்பிள்ளை குனிந்து தண்ணீர் ஊற்றுகிறான். சண்டையிலும் இவன் ஜெயித்துவிடுகிறான். சாவதுகூட இல்லை. அதை அச்சடித்துப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொடுப்பார்கள். உங்கள் பெண்ணும் வாசிப்பாள்.

நான் கேட்டேன், 'ஏம்மா, நான் மேல நின்னு ஊத்தக் கூடாதா?' என்று. அந்த அம்மா சிரித்துவிட்டார். இவன் மட்டும் சிரிக்காமல், 'நான் வேணும்னா உக்காந்து குடிக்கிறேன் அண்ணாச்சி' என்றான். எப்படி இருக்கிறது பாருங்கள்.

யோசித்து யோசித்துப் பார்த்தேன் தம்பி. பழைய புத்தகத்தில் நான் காட்டிக்கொடுக்கிறேன், சரி. கெட்ட பேர்தான். ஆனால் யாருக்கும் குனியவில்லை. விரலை நீட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறேன். வெள்ளைக்காரத் துரையே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் சொல்வதால்தான் இவன் கோட்டை விழுகிறது. நான் இல்லை என்றால் கதையே இல்லை. இதை விட்டுவிட்டு அதை எதற்கு எடுக்க வேண்டும்?

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். மூன்று பேருமாக வீட்டுக்கு வந்து முடிவைச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா கூப்பிட்டிருக்கிறார். போய் உட்கார்ந்து, காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, 'அம்மா, சரித்திரத்த மாத்தக் கூடாது' என்று சொல்லிவிடப்போகிறேன். படிக்காதவன் சொன்னாலும் இதற்கு அவர் மறுபேச்சுப் பேச முடியாது. வேலப்பன் காட்டிக்கொடுத்தது கொடுத்ததுதான். கோட்டை விழுந்தது விழுந்ததுதான். இவன் செத்தது செத்ததுதான்.

கொஞ்சம் பேச்சை நிறுத்துங்கள், நிவி வருகிறாள். மெள்ள, மெள்ள, கம்பியைப் பிடித்துக்கொண்டு வா தாயி. என்ன?

இல்லத்தா, வெயிலெல்லாம் அடிக்கல. இங்கயே இருந்துக்கிடுறேன். முன்னால வர வேணாம்னு சொல்லு உன் சின்னத் தாத்தாட்ட. எனக்கு இடம் மாத்திக் குடுக்க வேணாம்னு சொல்லு.

இந்த மாமாவா? மதுரைதான். ஆமா, அந்தப் புத்தகந்தான். அவுக பிள்ளைக்கு. நீயே சொல்லேன். இவதான் தம்பி, சொல்ல மாட்டேன்னு சொன்னவ.

என்னது? ஆமா, நான்தான் பேசுவேன், நீ பேச வேணாம். ஞாபகம் இருக்கு. 'சொல்ல மாட்டேன்'ங்கிற எடத்துல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது, அதான? சொல்றேன். ம். சொல்றேன்னு சொல்லிட்டேன்ல. கைல அடிச்செல்லாம் சத்தியம் வேணாம் தாயி, போ, பஸ்ஸு குலுக்குது, விழுந்துறாத.

போய்விட்டாள். என் கையைப் பிடித்தாளே, அவள் கை எப்படிச் சில்லென்று இருந்தது தெரியுமா? சந்தோஷத்தில் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

அழுவாள். ஒரு நாள் அழுவாள், இரண்டு நாள் அழுவாள். பிள்ளைகள்தானே, மறந்துவிடும். மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடும். அச்சடித்தது மறக்குமா? அது அப்படியே நிற்கும், நான் குனிந்தபடி.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் மாமனாருக்கு ஒரே மருமகனாக இருக்கும். சகலை இருந்தால் தெரியும்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது போல. அங்கே பாருங்கள், எழுந்துவிட்டான். மேலே கைநீட்டி என் பையையும் சேர்த்து எடுக்கிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், எனக்குத் தூக்கத் தெம்பு இல்லை என்றுதானே? வேண்டுமென்றே செய்கிறான்.

இந்தாருங்கள் உங்கள் புத்தகம். உங்கள் பெண்ணிடம் கொடுக்கும்போது என்னைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். வேலப்பன் என்றே சொல்லுங்கள், பரவாயில்லை. குதிரைமேல் இருக்கிற ஆளையும் பார்த்தேன் என்று சொல்வீர்கள், சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். அப்படிச் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு பேரில் குடக்காரர்தான் மூத்தவர் என்று.